தூரிகை ஒரு கோப்பான வரலாறு

கணினித் திரையில் இழுக்கப்படும் தூரிகைக் கோடு, பெரும்பாலான மென்பொருள்களில், கோடே அல்ல. துணியில் அச்சுக்கட்டை வைத்துப் பதிப்பதுபோல, ஒரு சிறு வடிவம் மிக நெருக்கமாகத் திரும்பத் திரும்பப் பதிக்கப்படுகிறது. பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் கண்ணுக்கு அது கோடாகத் தெரிகிறது. இடைவெளி கூடினால் கோடு கலைந்து புள்ளிவரிசை ஆகிவிடும். பதியும் வடிவம் வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஓவியர் தமக்கு வேண்டிய பிரஷைத் தாமே செய்துகொள்வதற்கு அடிப்படை இதுதான்.

1973இல் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய ‘சூப்பர்பெயிண்ட்’, இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. ஒரு பிக்சலுக்கு 8 பிட் நினைவகம் என்பதால் ஒரே நேரத்தில் 256 நிறங்களே கிடைத்தன. விளிம்பு மெல்லக் கரைய வேண்டுமானால் தூரிகையின் நிறமும் அடியில் உள்ள நிறமும் கலந்த இடைநிறங்கள் தேவை. 256 நிறப் பட்டியலில் அவை எல்லாவற்றுக்கும் இடம் இருக்காது. பின்னர் பார்க் ஆய்வுக்கூடத்திலிருந்து நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்ற ஆல்வி ரே ஸ்மித், 1970களின் பிற்பகுதியில் 24 பிட் ஓவிய நிரலை எழுதியபோது இந்தத் தடை விலகியது. இன்று பெரும்பாலான ஓவிய மென்பொருள்களில் இருக்கும் மென்விளிம்புத் தூரிகை இந்த வழியில் வந்ததே. ஆனால் அந்த இயந்திரங்கள் ஆய்வுக்கூடங்களைத் தாண்டி எளிதில் எட்டாதவை.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கணினி ஓவியத்தைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று, 1984இல் வந்த பில் அட்கின்சனின் ‘மேக்பெயிண்ட்’. அதில் கறுப்பு வெள்ளை மட்டுமே; கொடுக்கப்பட்ட தூரிகை வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. டான் சில்வா எழுதி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அமிகா கணினிக்கு 1985இல் வெளியிட்ட ‘டீலக்ஸ் பெயிண்ட்’, படத்தின் எந்தப் பகுதியையும் தூரிகையாக்க விட்டது. வரைந்த ஒரு மரத்தைச் சுற்றிக் கட்டம் இழுத்தால், அந்த மரமே சுட்டியில் ஒட்டிக்கொள்ளும். பின்னணி நிறம் மறைந்துவிடும். அதைத் திருப்பலாம், புரட்டலாம், சிறிதாக்கலாம், தனிக் கோப்பாகச் சேமித்து மறுநாள் எடுக்கலாம். ஒரே மரத்தால் காட்டையும் ஒரே செங்கல்லால் சுவரையும் எழுப்ப முடிந்தது. கணினி விளையாட்டுகளுக்குப் படம் வரைந்தவர்கள் இதை விரும்பிப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. எடுத்த துண்டை அதன் சொந்த நிறங்களோடு பதிப்பது ஒரு முறை. அதன் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பு நிறத்தை நிரப்பிப் பதிப்பது இன்னொரு முறை. படைப்போரின் கையில் பிரஷ் செய்யும் உரிமையை இவ்வளவு தாராளமாக ஒப்படைத்த மலிவான மென்பொருள் அதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம்.

தூரிகையை அச்சாகக் கருதாமல் மயிர்க்கற்றையாகவே கருதிய மரபும் உண்டு. எம்.ஐ.டி.யின் ஸ்டீவ் ஸ்ட்ராஸ்மன் 1986இல் வெளியிட்ட ஆய்வு, ஜப்பானிய மைத்தூரிகையின் ஒவ்வொரு மயிரிலும் எவ்வளவு மை இருக்கிறது என்பதைக் கணக்கிட்டது. 1991இல் வந்த ‘பெயிண்டர்’ மென்பொருள் காகிதத்தின் சொரசொரப்பையும் கணக்கில் கொண்டது.

1990இல் வெளியான போட்டோஷாப், டீலக்ஸ் பெயிண்டின் இரு முறைகளில் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் பிரஷாக்கப்படும் படம் சாம்பல் அளவுகளாக மாறும்: கறுப்பு முழுமையாக வண்ணம் பதிக்கும், வெள்ளை எதையும் பதிக்காது. நிறத்தை இழந்தது இழப்புதான். ஆனால் ஒரே பிரஷ் எந்த நிறத்திலும் வேலை செய்தது. 2002இல் 7ஆம் பதிப்பு தூரிகை இயந்திரத்தையே மாற்றி எழுதியது. பதிவுகள் சிதறுதல், இழைநயம், இரு தூரிகைகளை இணைத்தல் ஆகியவை அப்போது சேர்ந்தன. பிரஷ் வெறும் வடிவமாக இல்லாமல், வடிவமும் நடத்தையும் சேர்ந்த ஒன்றாயிற்று.

கட்டற்ற மென்பொருளான கிம்ப், சாம்பல், வண்ணம் இரண்டையும் ஏற்றது. அதன் ‘.gih’ கோப்பில் பல படங்களை அடுக்கி, திசைக்கோ அழுத்தத்துக்கோ ஏற்ப ஒவ்வொரு பதிவிலும் வேறொன்று வரும்படி செய்யலாம்.

செய்வது எளிதானதும், சேர்த்துவைப்பது தனி வேலையானது. நூற்றுக்கணக்கான பிரஷ்கள் ஒரே நீண்ட பட்டியலில் கிடந்தால், வேண்டியதைத் தேடுவதிலேயே வரையும் வேகம் அறுந்துபோகும். கிம்ப் 2012இன் 2.8 பதிப்பில் குறிச்சொற்களைக் கொண்டுவந்தது: ஒரே பிரஷ் ‘இலை’ என்ற தொகுப்பிலும் ‘மை’ என்ற தொகுப்பிலும் இருக்கலாம். போட்டோஷாப்பில் கோப்புறைகளாகப் பிரித்து அடுக்கும் வசதி 2017இல்தான் வந்தது. அதே ஆண்டு, தம் பிரஷ்களை விற்றுப் பெயர்பெற்ற ஓவியர் கைல் வெப்ஸ்டரின் தொகுப்பை அடோபி நிறுவனம் வாங்கித் தன் சந்தாதாரர்களுக்கு அளித்தது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள், 2021 டிசம்பரின் 5.0 பதிப்பில், பிரஷ்களைக் கையாளும் பகுதியை முழுதும் மாற்றி ஒரு தரவுத்தளத்தின்மேல் அமைத்தது.

ஒரு மென்பொருளின் பிரஷ் இன்னொன்றில் அப்படியே ஓடுவதில்லை. போட்டோஷாப்பின் ‘.abr’ கோப்புகளை கிம்ப் 2007 முதல் திறக்கிறது. ஆனால் வந்துசேர்வது நுனியின் வடிவமே. சிதறலையும் அழுத்தத்தையும் ஓவியர் அங்கே மறுபடி அமைத்துக்கொள்ள வேண்டும்.