பழுது நாடலின் வரலாறு: தொழிற்றளத்திலிருந்து கணனித் திரை வரை

கைத்தொழில் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் புதியன கண்டோரையே முதன்மைப்படுத்தி வந்துள்ளனர். நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாற், நகரும் பொருத்துவரிசையை நிறுவிய ஹென்றி போர்ட் ஆகியோரைப் பாடநூல்கள் தவறாது குறிப்பிடுகின்றன. ஆயின், அப்பொறிகளும் வரிசைகளும் நின்றுபோன வேளைகளில், அவை ஏன் நின்றன என நாடி அறிந்து மீண்டும் இயங்கச் செய்தோரைப் பற்றிய செய்திகள் அரிதாகவே கிடைக்கின்றன. உற்பத்தியின் வரலாற்றில் சரிபாதி பழுதின் வரலாறே என்பது இதனால் மறைந்துபோகின்றது.

இன்றைய பெருந்தொழிற்சாலைகளில் பழுது நாடும் பணி மென்பொருளுடன் பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது. எந்தப் பொறியில் எந்த வேலை எப்போது நிகழவேண்டும் எனக் கட்டளையிடுதல், நிகழ்ந்ததைப் பதிதல், எந்த மூலப்பொருள் எந்த முடிவுப்பொருளிற் சேர்ந்தது எனத் தொடர்பு காட்டுதல், தரச் சோதனையின் பெறுபேறுகளைச் சேமித்தல் ஆகிய பணிகளை ஆற்றும் மென்பொருட்டொகுதி உற்பத்தி நிறைவேற்று முறைமை எனப்படுகின்றது. இம்முறைமை எத்தேவையின் பொருட்டுத் தோன்றிற்று, பழுதை நாடும் அறிவு அதனால் எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையிலிருந்து தாளுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டறைகளில், வேலையைப் பற்றிய அறிவு வேலை செய்தவனின் கையிலேயே இருந்தது. இரும்பை எவ்வேகத்திற் கடைவது, வெட்டுக்கருவியை எப்போது தீட்டுவது என்பவற்றைத் தொழிலாளியே தீர்மானித்தான். பழுது நேர்ந்தவிடத்து அதனை முதலில் உணர்ந்தவனும் அவனே. அமெரிக்கப் பொறியியலாளரான பிரெட்றிக் வின்சிலோ ரெயிலர் இந்நிலையை மாற்ற முனைந்தார். 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டறை முகாமை பற்றிய ஆய்விலும், 1911இல் வெளியான அறிவியல்முறை முகாமை பற்றிய நூலிலும், திட்டமிடுதலைச் செய்தலினின்றும் பிரிக்கவேண்டும் என அவர் வலியுறுத்தினார். தொழிலாளியின் கையிலிருந்த அறிவு, திட்டமிடல் அறையில் எழுதப்படும் அறிவுறுத்தல் அட்டைக்கு மாறியது. ரெயிலரின் உடனுழைப்பாளராக விளங்கிய ஹென்றி கான்ற் வகுத்த கால அட்டவணைப் படம், எவ்வேலை எந்நிலையில் உள்ளது என்பதை ஒரே நோக்கிற் காணத் துணைபுரிந்தது.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ரெயிலர் ஒரு மேற்பார்வையாளரின் பணியை எண்மருக்குப் பகிர்ந்தளித்தார். அவருள் நால்வர் திட்டமிடல் அறையைச் சார்ந்தோர். ஏனைய நால்வர் தொழிற்றளத்தில் நிற்போர். பழுது பார்த்தலுக்கு உரியவர் பின்னைய நால்வருள் ஒருவராகவே வைக்கப்பட்டார். திட்டத்தைத் தாளில் எழுதிவிடலாம் எனக் கருதிய ரெயிலர்கூடப் பழுதுக்கு உரியவரைத் தளத்திலேயே நிறுத்தினார். பழுது பொறியின் அருகிலேயே நிகழ்வது என்பதை அவரது ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது எனலாம்.

1913இல் போர்ட் நிறுவனத்தின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசை செயற்படத் தொடங்கியபோது பழுதின் இயல்பும் மாறிற்று. தனித்தனிப் பொறிகள் இயங்கிய காலத்தில் ஒன்றின் பழுது அதனோடு நின்றது. வரிசையாகப் பிணைக்கப்பட்டபின் ஓரிடத்துத் தடை முழுவரிசையின் தடையாயிற்று. பிணைப்பு நெருங்க நெருங்க, சிறு பழுதின் விலையும் உயரும் என்னும் விதி இக்காலந்தொட்டே தொழிற்படலாயிற்று.

தானே நிற்கும் தறி

யப்பானிற் பழுதைப் பற்றிய வேறொரு சிந்தனை வளர்ந்தது. சாக்கிச்சி ரொயோடா 1924இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும் தன்மையுடையது. நிற்காத தறி குறையுடைய துணியை நெய்துகொண்டே இருக்கும். நிற்கும் தறியோ குறை நேர்ந்த இடத்தையும் நேரத்தையும் உடனே காட்டிவிடும். 1929இல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரைச் சார்ந்த பிளாற் சகோதரர் நிறுவனம் இத்தறியின் காப்புரிமையை 1,00,000 பவுணுக்குப் பெற்றுக்கொண்டது.

அவர்தம் மைந்தர் தோற்றுவித்த ரொயோட்டா மோட்டார் நிறுவனத்தில் தயிச்சி ஓனோ இக்கருத்தை மனிதருக்கும் விரித்தார். குறையொன்றைக் காணும் தொழிலாளி வரிசையை நிறுத்தலாம். அவ்வாறு நிறுத்தியதைத் தளத்தின்மேல் தொங்கும் விளக்குப்பலகை யாவருக்கும் அறிவிக்கும். நின்றபின் செய்யவேண்டியதையும் ஓனோ வகுத்தார். ‘ஏன்’ என்னும் வினாவை ஐந்து முறை அடுக்கிக் கேட்பதே அம்முறை. 1978இல் வெளியான தமது நூலில் அவர் தரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. பொறி நின்றது, மிகைச்சுமையால் உருகி எரிந்தமையால். மிகைச்சுமை, தாங்கிக்குப் போதிய மசகு எண்ணெய் கிட்டாமையால். எண்ணெய் கிட்டாதது, பம்பி சரிவர இறைக்காமையால். பம்பி இறைக்காதது, அதன் தண்டு தேய்ந்தமையால். தண்டு தேய்ந்தது, வடியின்றி உலோகத்துகள் உட்புகுந்தமையால். முதல் வினாவோடு நிற்பவன் உருகியை மாற்றுவான். ஐந்தாம் வினாவை எட்டுபவன் வடியைப் பொருத்துவான். உருகியை மட்டும் மாற்றியவன் சில திங்களில் அதே பொறியின்முன் மீண்டும் நிற்க நேரிடும்.

தாளிலிருந்து கணனிக்கு

1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளிற் கணனி நுழைந்தது. யோசேப் ஓர்லிக்கி முதலியோர் உருவாக்கிய மூலப்பொருட்டேவைத் திட்டமிடல், எப்பொருள் எத்தனை எப்போது தேவை எனக் கணித்தது. இது பற்றிய ஓர்லிக்கியின் நூல் 1975இல் வெளிவந்தது. இது திட்டமிடல் அறையின் கணனியாகும்.

மறுபுறத்தில் பொறிகளைக் கட்டுப்படுத்தும் துறையிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1968இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு, நூற்றுக்கணக்கான மின்காந்த ஆளிகளைக் கொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு மாற்றீடு வேண்டியது. வாகன மாதிரி மாறுந்தோறும் அப்பெட்டிகளின் கம்பியிணைப்பு முழுவதையும் மாற்றவேண்டியிருந்தமையே காரணம். டிக் மோர்லி முதலியோர் உருவாக்கிய மொடிகொன் 084 என்னும் நிரலிடத்தக்க கட்டுப்படுத்தி இதற்கு விடையாயிற்று. அக்கட்டுப்படுத்தியின் நிரலை எழுதும் மொழி ஏணிப்பட வடிவில் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. மின்வினைஞர் ஏற்கெனவே பயின்றிருந்த வரைபடத்தை ஒத்ததாகையால், பழைய சாதனத்திற் பழுது நாடியவரே புதியதிலும் நாட முடிந்தது. தொழில்நுட்பம் மாறியபோதும் அறிவு தளத்தைவிட்டு நீங்காதவாறு காத்த ஏற்பாடு இது.

எனினும், மேலே திட்டமிடும் கணனிக்கும் கீழே பொறியை இயக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே வெளியொன்று எஞ்சியது. அவ்வெளியைத் தாள்களும் தொலைபேசியும் மேற்பார்வையாளரின் நினைவும் நிரப்பின. குறைகடத்திக் கைத்தொழிலில் இது போதாதாயிற்று. ஒரு சிலிக்கன் தகடு நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்கவேண்டியிருந்ததோடு, ஒரே பொறிக்குப் பன்முறை திரும்பியும் வந்தது. 1980களில் கொமெற்ஸ், புறோமிஸ் ஆகிய மென்பொருட்கள் இத்தகைய ஆலைகளில் தகடுகளின் பயணத்தைப் பதிந்து வழிநடத்தின. இவ்வகை முறைமைகளுக்கு உற்பத்தி நிறைவேற்று முறைமை என்னும் பெயர் 1990களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய ஐ.எஸ்.ஏ.-95 என்னும் நியமம், பௌதிகச் செயன்முறையைப் பூச்சிய மட்டமாகவும், வணிகத் திட்டமிடலை நான்காம் மட்டமாகவும், உற்பத்தி நிறைவேற்றத்தை இவற்றிடையே மூன்றாம் மட்டமாகவும் வகுத்தது.

பழுது உறையுமிடம்

இடைமட்டத்தில் அமைந்தமையே இம்முறைமையின் பயனுக்கும் இடருக்கும் காரணமாகும். பொறி தன் வேலையை முடித்துவிட்டது. திரையிலோ அவ்வேலை முடியவில்லை எனக் காட்டப்படுகின்றது. அடுத்த வேலையை முறைமை அனுமதிக்க மறுக்கின்றது. இச்சிறு முரண்பாட்டின் மூலம் பல இடங்களில் இருத்தல் கூடும். உணரி சமிக்ஞையை அனுப்பாதிருக்கலாம். கட்டுப்படுத்தி அனுப்பிய செய்தி வழியில் தேங்கியிருக்கலாம். இரு கணனிகளின் கடிகாரங்கள் வேறுபட்டமையால் முந்தியது பிந்தியதாகப் பதிவாகியிருக்கலாம். தரவுத்தளத்தில் ஒரு பதிவை வேறொரு செயன்முறை பூட்டிவைத்திருக்கலாம். வேலைப்படிகளைக் கூறும் மூலத்தரவு நேற்று மாற்றப்பட்டிருக்கலாம். தொழிலாளி ஒரே பட்டைக்குறியை இருமுறை வாசிக்கச் செய்திருக்கலாம். இவ்வாறும் காரணங்கள் சிதறிக் கிடப்பதால், மென்பொருளை மட்டும் அறிந்தவனோ பொறியை மட்டும் அறிந்தவனோ தனித்து நின்று இதனைத் தீர்த்தல் அரிது.

வரிசை நின்றிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பாதலின், முறைமையை நிறுத்தி மீளத் தொடக்குக என்னும் குரலே முதலில் எழும். பல வேளைகளில் அது பயன் தருவதும் உண்டு. ஆயின், தேங்கிநின்ற செய்திகளும் நினைவகத்தின் அப்போதைய நிலையும் அத்துடன் அழியும். பழுதின் சான்று பழுதோடு மறையும். ஓனோவின் முதல் வினாவுக்கே விடையில்லாது போகும். ஆதலால், மீளத் தொடக்குமுன் பதிவேடுகளைப் பிரதிசெய்து வைப்பது அனுபவமிக்க பராமரிப்பாளர் கைக்கொள்ளும் நெறியாயிற்று.

மற்றுமோர் இடர், தரவுத்தளத்தினுட் புகுந்து பிழையான பதிவை நேரே திருத்திவிடுதல் ஆகும். திரை சரியாகிவிடும், நடந்த வரலாறு பொய்யாகிவிடும். மருந்து உற்பத்தியில் இதன் பாரதூரம் தெளிவாகப் புலப்படும். எத்தொகுதி மாத்திரையில் எம்மூலப்பொருள் சேர்ந்தது என்பதை அப்பதிவே கூறவேண்டும். குறையுடைய தொகுதியை மீளப் பெறுதற்கு அதுவே ஆதாரம். 1997இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் விதித்த இலத்திரனியற் பதிவு விதிகள், யார் எப்போது எதனை மாற்றினார் என்பது தானாகவே பதியப்படவேண்டும் எனவும், பழைய பதிவு புதியதால் மறைக்கப்படலாகாது எனவும் கோரின. பழுது தீர்ப்பவனின் கைக்கு வரம்பு விதித்த இவ்விதிகள், அவனது பணி பொதுமக்களின் உயிரோடு தொடர்புடையது என்பதை ஏற்றுக்கொண்டவையுமாகும்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் மூன்று

2018 ஓகஸ்டில் தாய்வான் குறைகடத்தி உற்பத்திக் கம்பனியின் ஆலைகளிற் கணனி நச்சுநிரலொன்று பரவிற்று. புதிய பொறியொன்றுக்கு மென்பொருள் நிறுவுகையில் நேர்ந்த தவறே காரணம் என நிறுவனம் அறிவித்தது. வெளியிலிருந்து எவரும் உட்புகவில்லை. அன்றாடப் பராமரிப்புப் பணியின் ஒரு படி தவறிற்று, அவ்வளவே. அக்காலாண்டின் வருமானத்தில் ஏறத்தாழ 3 சதவீதம் பாதிப்புறும் என அந்நிறுவனம் அப்போது மதிப்பிட்டது.

2019 மார்ச் 19ஆந் திகதி நோர்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோ, கோப்புக்களைப் பூட்டிப் பணயம் கேட்கும் மென்பொருளாற் தாக்குண்டது. நிறுவனம் பணயம் செலுத்த மறுத்தது. பல ஆலைகள் கைம்முறைக்குத் திரும்பின. கட்டளைகள் தாளில் அச்சிடப்பட்டன. தாள்முறையை அறிந்திருந்த, ஓய்வுபெற்ற ஊழியர் சிலர் உதவிக்கு வந்தனர். அவ்வாண்டின் முதல் அரையாண்டில் இழப்பு 550 முதல் 650 மில்லியன் குரோனர் வரை என மதிப்பிடப்பட்டது. இழப்பு பெரிதாயினும் உற்பத்தி முற்றாக நின்றுவிடவில்லை. கணனிக்கு முந்திய அறிவு சிலரது நினைவில் எஞ்சியிருந்தமை அதற்கு உதவிற்று.

மூன்றாவது நிகழ்ச்சி தானே நிற்கும் தறியின் வழித்தோன்றலான நிறுவனத்திலேயே நேர்ந்தது. 2023 ஓகஸ்ட் 29ஆந் திகதி யப்பானிலுள்ள ரொயோட்டாவின் 14 பொருத்து ஆலைகளும் நின்றன. இரு நாட்களுக்கு முன்னர் நிகழ்ந்த வழமையான பராமரிப்பின்போது, தரவுகளை நீக்கி ஒழுங்குபடுத்துகையில், வட்டில் இடம் போதாமையால் உதிரிப்பாகக் கட்டளைகளைக் கையாளும் கணனிகள் செயலிழந்தன. மாற்றுக் கணனிகளும் அதே முறைமையில் இயங்கியமையால் அதே பழுதை எய்தின. கூடிய கொள்ளளவுடைய கணனிக்குத் தரவுகள் மாற்றப்பட்டபின்னரே ஆலைகள் மீண்டன. காரணத்தை நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தமை பாராட்டத்தக்கது. ஆயினும், 1924ஆம் ஆண்டுத் தறி நின்றபோது அறுந்த நூல் கண்முன்னே கிடந்தது. 2023இல் வரிசையருகே நின்ற தொழிலாளி காணத்தக்கதாக எதுவும் அங்கில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. வேலையின் பதிவு கையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கணனிக்கும் மாறிய ஒவ்வொரு முறையும் உற்பத்தி பெருகியது, தரம் உயர்ந்தது, குறையுடைய பொருளின் மூலத்தைத் தேடிச் செல்லும் ஆற்றலும் வளர்ந்தது. அதேவேளையில், பழுது தோன்றும் இடத்துக்கும் பழுதை அறியும் இடத்துக்கும் இடையிலான தூரமும் நீண்டது. அத்தூரத்தைக் கடப்பவனே பராமரிப்பாளன். பொறியின் மொழியையும் தரவுத்தளத்தின் மொழியையும் தொழிலாளியின் மொழியையும் ஒருங்கே அறிந்திருக்கவேண்டிய பொறுப்பு அவனுக்குரியது.

இப்பொறுப்பைத் தாழ்ந்த பணியாகக் கருதும் மனப்பாங்கு கைத்தொழில் உலகிலும் கல்வியுலகிலும் இன்றும் நிலவுகின்றது. புதிய முறைமையை அமைப்போருக்குரிய மதிப்பு, அதனைப் பல்லாண்டு காலம் இயங்கச் செய்வோருக்குக் கிட்டுவதில்லை. அவர்கள் எழுதிவைக்காத அறிவு அவர்களோடு ஓய்வுபெற்றுச் செல்கின்றது. நோர்வேயில் ஓய்வுபெற்றோரைத் தேடிச்சென்று அழைக்க முடிந்தது. தாள்முறையை ஒருபோதும் கண்டிராத தலைமுறை ஓய்வுபெறும் காலத்தில் அவ்வாறு அழைக்கப்படத்தக்கவர் எவரும் இரார். ஆதலின், பழுதுகளின் காரணங்களை முறையாக எழுதிவைத்தலும், முறைமை நின்றவிடத்து வேலையைத் தொடரும் வகையைத் தொழிற்றளத்தாருக்குப் பயிற்றுதலும், பழுது நாடலை ஒரு கல்வித்துறையாக மதித்துக் கற்பித்தலும் காலத்தின் தேவைகளாகின்றன.