ஒன்பது மான்கள்

மிருகக்காட்சிசாலை என்றால் நம்மில் பாதிப் பேர் "பாவம், வாயில்லா ஜீவனை அடைத்து வைத்திருக்கிறார்கள்" என்போம். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அரேபிய ஓரிக்ஸ் என்ற மானின் வரலாற்றைப் படித்த பிறகு, அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். வெள்ளை உடம்பு, கறுத்த கால்கள், நேராக நீண்ட இரண்டு கொம்புகள். பக்கவாட்டில் பார்த்தால் ஒரே கொம்பு போலத் தெரியும். ஒற்றைக்கொம்புக் குதிரைக் கதைகளே இதிலிருந்துதான் பிறந்தன என்று சொல்வதும் உண்டு. அரேபியப் பாலைவனத்து மக்கள் ஒட்டகத்தில் போய் இதை வேட்டையாடிய காலத்தில் இனம் தாக்குப்பிடித்தது. எண்ணெய்ப் பணத்தோடு ஜீப்பும் நவீனத் துப்பாக்கியும் வந்தபோது கதை மாறியது.

இனி விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்ற நிலையில், 1962-இல் பிரிட்டனின் விலங்கினப் பாதுகாப்புச் சங்கம் ஒரு குழுவை ஏடன் பகுதிக்கு அனுப்பியது. தலைவர் இயான் கிரிம்வுட். வாரக்கணக்கில் அலைந்து பிடித்தது 4 மான்கள். அதிலும் ஒன்று இறந்துவிட்டது. மீதி 3 மான்களும் 1963-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் மிருகக்காட்சிசாலைக்குப் போயின. ஏன் அங்கே? அரிசோனாவும் அரேபியா மாதிரியே வறண்ட, வெப்பமான பூமி.

லண்டன் மிருகக்காட்சிசாலை 1, குவைத் மன்னர் 1, சவூதி மன்னர் 4 என்று கொடுக்க, மொத்தம் 9. இதற்கு 'உலக மந்தை' என்று பெயர் வைத்தார்கள். குட்டிகள் பிறந்தன. 1972-இல் ஓமனில் கடைசிக் காட்டு ஓரிக்ஸும் வேட்டைக்காரர்களிடம் போய்விட்டது. அதன்பின் இந்த இனம் மனிதர்களின் வேலிக்குள் மட்டுமே உயிரோடு இருந்தது!

1982-இல் ஓமனின் ஜித்தாத் அல் ஹராசிஸ் சமவெளியில் 10 மான்களைத் திறந்துவிட்டார்கள். காவலுக்கு நியமிக்கப்பட்டவர்கள் அங்கேயே வாழும் ஹராசிஸ் பழங்குடியினர். 1996-இல் எண்ணிக்கை சுமார் 450. இடையில், 1994-இல், யுனெஸ்கோ அந்தச் சரணாலயத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தோடு 'சுபம்' போட்டிருக்கலாம். ஆனால் 1996-இலேயே திருட்டு ஆரம்பித்தது. இந்தமுறை இறைச்சிக்காக அல்ல. பணக்காரர்களின் சொந்தத் தோட்டங்களுக்கு விற்க, உயிரோடு பிடித்தார்கள். 1998-இல் மிஞ்சியவை 138, அதில் பெண் மான்கள் வெறும் 28. 2007-இல் 65 மட்டுமே. எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயத்தின் பரப்பை ஓமன் 90 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டு யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

யோசித்துப் பாருங்கள். இந்த இனத்தைக் காப்பாற்றியதும் வேலிதான், காட்டிலிருந்து மறுபடி பறித்ததும் வேலிதான். பீனிக்ஸ் மான்களை வைத்திருந்தது திருப்பி அனுப்புவதற்காக. மற்றவர்கள் வைத்துக்கொண்டது அழகு பார்ப்பதற்காக.

நல்லவேளை, சவூதி அரேபியா போன்ற மற்ற நாடுகளிலும் ஓரிக்ஸைக் காட்டில் விட்டிருந்தார்கள். அதனால் 2011-இல், காட்டில் சுமார் 1000 மான்கள் இருந்த நிலையில், அழிவின் விளிம்பிலிருந்து ஒரு படி மேலே ஏற்றிப் பட்டியலிட்டார்கள்.

இனி எந்த மிருகக்காட்சிசாலைக்குப் போனாலும் நான் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: இங்கிருந்து எத்தனை விலங்குகள் காட்டுக்குத் திரும்பியிருக்கின்றன?