ஃபைப்ரோமயால்ஜியா: அறிகுறிகளை இனங்காணல்

உடலெங்கும் பரவிய தசைவலியும் ஓயாத அசதியும், எவ்வளவு தூங்கினாலும் தீராத களைப்பும் சேர்ந்து நீடிக்கும் நோய்நிலை. பெண்களிடமே அதிகம் கண்டறியப்படுகிறது. வலி குறைந்தது 3 மாதமாவது நீடிக்கும். ஆனால் மூட்டு வீங்காது, சிவக்காது. முடக்குவாதத்திலிருந்து பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மூளையும் தண்டுவடமும் வலியுணர்வைப் பெருக்கிக் காட்டுவதே காரணம் என்று கருதப்படுவதால், லேசான அழுத்தமும் சிலருக்கு வலிக்கும். மறதி, தலைவலி, வயிற்றுக் கோளாறு, மனச்சோர்வு உடன்வரலாம்.

அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 1990இல் வகுத்த அளவுகோல்படி, 18 அழுத்தப் புள்ளிகளில் 11இலாவது வலி இருக்க வேண்டியிருந்தது. விரலழுத்தம் மருத்துவருக்கு மருத்துவர் மாறுவதால் அந்த முறையில் குறைகள் இருந்தன. 2010 அளவுகோல் புள்ளிகளைக் கைவிட்டு, 19 உடற்பகுதிகளில் வலியின் பரவலையும், அசதி, தூக்கம், நினைவாற்றல் சார்ந்த தொல்லைகளின் கடுமையையும் மதிப்பிடுகிறது.

இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். தைராய்டு குறைபாடு போன்றவற்றை விலக்கவே அவை தேவை. முடிவுகள் இயல்பாக இருப்பது வலி பொய் என்பதற்குச் சான்றல்ல. வேறு நோய் இருப்பவருக்கும் ஃபைப்ரோமயால்ஜியா சேர்ந்து வரலாம் என்பதை அளவுகோலின் 2016 திருத்தம் ஏற்றது.