நெல்லு அளந்த காலமும் டிக்கெட் கிழிச்ச காலமும்

டிசம்பர் வந்தா சென்னையில கச்சேரி சீசன். மார்கழி புனிதமான மாசம், அதனாலதான் அப்போ பாட்டு வெச்சாங்கன்னு பட்டணத்து நண்பர்கள் சொல்வாங்க. எனக்கு அது பாதிக் கணக்காத்தான் படுது.

1927 டிசம்பர்ல சென்னையில காங்கிரஸ் மாநாடு, டாக்டர் அன்சாரி தலைமையில நடந்தது. அதை ஒட்டி ஒரு இசை மாநாடும் கூட்டினாங்க. அங்கே எடுத்த முடிவுல பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18-ல சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கி வெச்சார். முதல் தலைவர் யு. ராமராவ் ஒரு டாக்டர். ஓடியாடி வேலை பார்த்த இ. கிருஷ்ண ஐயர் வக்கீல். இவங்களுக்கெல்லாம் ஓய்வு கிடைக்கிறது கிறிஸ்துமஸ் லீவுலதான். மார்கழியில முகூர்த்தம் கிடையாது, அதனால வித்வான்களுக்கும் கல்யாணக் கச்சேரி இல்லை. கேக்குறவருக்கு லீவு, பாடுறவருக்கு வேலை இல்லை. ரெண்டும் பொருந்தி வந்த மாசம் நிலைச்சுப் போச்சுன்னு நான் நினைக்கிறேன்.

அதுக்கு முன்னாடி இந்தப் பாட்டு எங்கே இருந்ததுன்னா, எங்க டெல்டாவுல. தியாகையர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூணு பேருமே திருவாரூர்ல பிறந்தவங்க. இன்னும் பின்னாடி போனா தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு இருக்கு. விவசாயியா எனக்கு அதுல பிடிச்சதே சம்பளக் கணக்குதான். ஆடுற தளிச்சேரிப் பெண்கள் 400 பேரைத் தெருவாரியா, வீடுவாரியா எழுதி, ஆளுக்கு ஒரு பங்குன்னு ராஜராஜன் கொடுத்திருக்கார். ஒரு பங்குன்னா ஒரு வேலி நிலத்து விளைச்சல், வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. நட்டுவனாருக்கு ரெண்டு பங்கு. திருப்பதியம் பாடுறவங்க 48 பேர், உடுக்கை ஒருத்தர், கொட்டிமத்தளம் ஒருத்தர், ஆக 50 பேருக்கு ஆளுக்கு தினம் மூணு குருணி நெல்லு. பாட்டு வயல்ல விளைஞ்சதுன்னு சொன்னா அது வெறும் பேச்சு இல்லைங்க, அளந்து போட்ட கணக்கு. எங்க ஊர்லயும் என் தாத்தா காலத்துல கோயில் மேளத்துக்குன்னு தனியா மானிய நிலம் இருந்தது. இப்போ அந்த வயல் வேற கை மாறிடுச்சு.

போன மார்கழியில நாங்க நாலு பேர் மாயவரத்துல ரயில் ஏறிப் போனோம். சம்பா பால் பிடிச்சு நிக்குது, மழையும் விட்டிருந்தது, ஒரு நாள் வயலை விட்டு வரலாம். நாலு பேர்ல ஒருத்தர் எங்க ஊர் தவில்காரர். அவர் வராம எங்களுக்கு என்ன தெரியும்?

காலையில அகாடமியில ஒரு விளக்க உரை. அங்கிருந்து டிடிகே சாலையில நடந்தே நாரத கான சபா. மதியக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை, பாடினது கல்லூரிப் பொண்ணு. நல்ல பாட்டு, ஆனா கூட்டம் பாதி கேன்டீன்ல. நாங்களும் ரெண்டு தடவை போயிட்டோம், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் மயிலாப்பூர்ல ஒரு சபா. சாயங்காலக் கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் விலையைக் கேட்டதும் தவில்காரர், "மாமா, இது ஒரு மூட்டை நெல்லு"ன்னார். பின்வரிசையும் வேணாம்னு பஸ் பிடிச்சு பாரிமுனை வந்தோம்.

அங்கேதான் ராஜா அண்ணாமலை மன்றம். சபாவுல தெலுங்கும் சமஸ்கிருதமுமே பாடுறாங்க, தமிழ் கடைசித் துக்கடாதானான்னு கேட்டு எழுந்த சண்டையோட வீடு அது. 1941-ல அண்ணாமலை நகர்ல மாநாடு, 1943-ல சென்னையில தமிழ் இசைச் சங்கம். அவங்க விழாவும் டிசம்பர்லதான். மொழியில சண்டை போட்டவங்களும் மாசத்துல ஒத்துப் போயிட்டாங்க!

நாங்க போனப்போ நாதஸ்வரம் நடந்துக்கிட்டு இருந்தது. சபாவுல பெரும்பாலும் நாதஸ்வரத்துக்கு மங்கல இசைன்னு ஆரம்ப நேரம்தான் கிடைக்குது. நாற்காலியில ஆள் வந்து உக்காரும்போது அது முடிஞ்சிருக்கும். எங்க பக்கத்துத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நின்னுக்கிட்டே வாசிச்ச மேளக்காரரை மேடையில உக்கார வெச்சு வாசிக்க வெச்ச மனுஷன். 1956-ல போய்ச் சேர்ந்தார். அகாடமியோட சங்கீத கலாநிதி அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1998-ல ஷேக் சின்ன மௌலானாவுக்குக் கொடுத்தாங்க. சந்தோஷம்தான், ஆனாலும் இந்த வாத்தியத்துக்கு அந்தப் பட்டம் அபூர்வம்.

தவில்காரர் கடைசி வரைக்கும் தொடையில தாளம் போட்டுக்கிட்டே இருந்தார். மார்கழின்னா விடியக்காலைல நாலரைக்கு எங்க கோயில்ல அவர் தவில் இருக்கணும். மூணு வருஷமா அங்கே கரண்டு மேளம். சுவிட்சைப் போட்டா முரசும் மணியும் அதுவே அடிச்சுக்கும். அதனாலதான் அவரால எங்ககூட வர முடிஞ்சது.

ராத்திரி ரயில்ல தை முகூர்த்தத்தை விரல் விட்டு எண்ணிக்கிட்டு வந்தார். ஏழு பேசியிருக்காம், மூணுக்கு முன்பணம் வந்திருக்காம். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க அறுப்பு எப்போ மாமா? ஆள் சொல்லிட்டீங்களா?"ன்னார்.

மிஷினுக்குச் சொல்லியிருக்கேன்னு சொன்னேன்.