பார்க்கும் ஆசை

பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குக் கோயில் கட்டிய ஊர் எங்கள் சங்கரன்கோவில். அரியும் அரனும் ஒரே உருவாக நிற்கும் கோலத்தைக் காண வேண்டுமென்று கோமதியம்மன் தவம் இருந்தாள் என்பதும், பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் இறைவன் காட்சி கொடுத்தான் என்பதும் தல புராணம். ஆடித் தபசன்று அந்தக் காட்சியைக் காணக் கூடுகிற ஜனத் திரளில், சின்ன மாமாவின் தோள்மேல் உட்கார்ந்து நானும் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அந்த ஊரில் பிறந்தவனுக்கு ஒன்றைக் கேள்விப்பட்டால் போதாது. கண்ணால் கண்டால்தான் மனம் ஆறும்.

சின்ன மாமாவுக்குச் 'சந்திரலேகா' படத்தின்மேல் ஒரு பித்து. 1948-இல் ஜெமினி வாசன் வெளியிட்ட அந்தப் படத்தின் முரசு நடனத்தைப் பற்றி அந்த நாளில் பேசாதவர்கள் இல்லை. ஆளைவிடப் பெரிய முரசுகள். அவற்றின்மேல் நின்று ஆடும் பெண்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து புறப்பட்டு வரும் போர் வீரர்கள்! படம் பழசாகி, டூரிங் கொட்டகைகளைச் சுற்றி வந்த பிறகும் மாமாவின் பித்துத் தெளியவில்லை. "அந்த முரசு நிஜத்திலே எவ்வளவு ஒசரம் இருக்கும்?" என்பதே அவருடைய கவலை. கடைசியில் ஒரு நாள், அத்தையிடம் ஏதோ காரியம் சொல்லிவிட்டு, கொல்லம் மெயிலில் ஏறிப் பட்டணம் போய்விட்டார். தெரிந்தவர் ஒருவரின் தயவில் ஏதோ ஒரு ஸ்டுடியோவுக்குள்ளும் நுழைந்துவிட்டார்.

நாலு நாள் கழித்துத் திரும்பியவரைத் திண்ணையில் சூழ்ந்துகொண்டோம்.

"முரசைப் பாத்தீங்களா மாமா?"

"அதையெல்லாம் எப்பவோ பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ஒரு கோட்டையைப் பாத்தேன், மருமவனே. முன்னாலே நின்னா மலைப்பா இருக்கு. பின்னாலே போய்ப் பாத்தா வெறும் கட்டையும் சாக்கும். தட்டினா 'டொக்கு டொக்கு'ன்னு கேக்கு."

"அப்படின்னா ஏமாத்தமாப் போச்சா?"

மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏமாத்தமா? வெறும் சாக்கை வெச்சுக்கிட்டு நம்மளை அழ வெச்சுட்டானுவளே, அது சாமானியமா?"

இதைவிட நல்ல ரசிகரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

இந்த ஆசை பட்டிக்காட்டாருக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டைரக்டர் கே. சுப்பிரமணியம் நடத்திய ஸ்டுடியோ தீக்கு இரையாகி, ஏலத்துக்கு வந்து, வாசன் கைக்குப் போய் ஜெமினி ஆயிற்று. அந்த வாசலில் பெரிய பெரிய மனிதர்களெல்லாம் வந்து நின்றிருக்கிறார்கள். 1952-இல் உலகம் சுற்றும் ஒழுக்க இயக்கக் குழு ஒன்று, சுமார் இருநூறு பேர், அங்கே வந்து நாடகம் போட்டதை, அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் பிற்பாடு வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். 1956-இல் சீனப் பிரதமர் சூ என்லாயும் ஜெமினிக்கு வந்து போனார். பிரதம மந்திரியானால் என்ன? கோட்டையின் பின்பக்கத்தைப் பார்க்கும் ஆசை அவருக்கும் இருந்திருக்கும் அல்லவா?

ஆனால் எங்கள் ஊர்க்காரன் மனத்தைக் குடையும் விஜயம் வேறொன்று. சென்னை தரமணியில் 1994-இல் எம்.ஜி.ஆர். திரைப்பட நகரம் எழுந்தது. 1997 அக்டோபர் 16 அன்று அங்கே கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழா. விருந்தினராக வந்தவர் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிஸபெத். முதலமைச்சர் கருணாநிதியும் சிவாஜி கணேசனும் கூட இருந்தார்கள். ராணியார் சிறிது நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போனார்.

மருதநாயகம் என்கிற கான்சாகிபு யார்? கும்பெனிப் படையில் சிப்பாய்களுக்குத் தலைவனாக உயர்ந்து, மதுரையையே ஆண்டு, முடிவில் நவாபையும் கும்பெனியையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டவன். எந்தக் கும்பெனி அவனைத் தூக்குக்கு அனுப்பியதோ, அந்தக் கும்பெனியின் தேசத்து ராணி, இருநூற்று முப்பத்து மூன்று வருஷமும் ஒரு நாளும் கழித்து, அவன் கதைக்குப் போட்ட செட்டைப் பார்க்க வந்தார்! கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

அந்தக் கான்சாகிபு கும்பெனிக்காகப் போர் செய்த நாளில் அவனைத் தடுத்து நின்றவர், எங்கள் ஊருக்கு மேற்கே மலைப் பக்கமாக இருக்கும் நெற்கட்டும்செவல் பூலித்தேவர். 1755-இல் கர்னல் ஹெரான் பீரங்கியோடு வந்து, அந்தக் கோட்டையைப் பிடிக்க முடியாமலே திரும்பினான். 1759-இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கிய கான்சாகிபும் தோற்றுப் பின்வாங்கினான். 1761-இல்தான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவன் வசமாயின. அவை கல் கோட்டைகள் அல்ல, மண் கோட்டைகள். ஆனால் தட்டினால் 'டொக்கு டொக்கு' என்று கேட்கிற கோட்டைகள் அல்ல. பீரங்கிக் குண்டு அந்த மண்ணில் புதைந்ததே தவிர, சுவர் லேசில் சரியவில்லை.

பூலித்தேவரின் முடிவைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. பிடித்துக்கொண்டு போகும் வழியில், சங்கரநாராயணரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். அனுமதித்தார்கள். உள்ளே போனவர் திரும்பவில்லை. சோதியில் கலந்துவிட்டார் என்கிறார்கள். சரித்திரக்காரர்கள் ஏற்கிறார்களோ இல்லையோ, கோயிலில் பூலித்தேவர் பெயரால் ஓர் அறை இருக்கிறது. கடைசி ஆசையும் பார்க்கும் ஆசைதான் என்பதைக் கவனியுங்கள்.

'மருதநாயகம்' பணமில்லாமல் பாதியில் நின்றது. ஜெமினி ஸ்டுடியோ மறைந்துவிட்டது; 1973-இல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயரை வைத்தும், ஜனங்கள் வாயில் அது 'ஜெமினி பாலம்' தான். ஏவி.எம். ஸ்டுடியோவின் ஒரு பகுதி 2023 முதல் காட்சிச் சாலையாக இருக்கிறது. இந்நாளில் டெலிவிஷன் தொடர்களின் ரசிகர்கள், பல தொடர்கள் வாடகை பங்களாக்களில் எடுக்கப்படுவதால், "இந்த வீடுதானே அது?" என்று வீட்டு வாசலில் நிற்கிறார்கள். செட் மாறியது, ஆசை மாறவில்லை.

அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. சின்ன மாமாவின் மருமகன் எப்படிச் சொல்ல முடியும்? பொய்யையும் மெய்யையும் ஒரே உருவில் கண்டு கையெடுத்தவர் அவர். என் மனத்தாங்கலெல்லாம் ஒன்றுதான். சாக்குக் கோட்டையைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போன அவர், நெற்கட்டும்செவலுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. வெகு காலம் நானும் போகவில்லை. முதன்முதலாக நான் போனபோது மாமா உயிரோடு இல்லை.

நினைவு மாளிகையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தேன். மாமாவாக இருந்தால் இதைத் தட்டிப் பார்த்திருப்பார் என்று தோன்றியது. தட்டிப் பார்த்தேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.