தாசப்பா: ஓர் எல்லைப் பெயர்

தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கம் தாசப்பா என்று பெயர் கொண்ட பெரியவர்கள் பலர் உண்டு. ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் பேரப்பிள்ளைகளிடம் அது வெறும் இனிஷியலாகச் சுருங்கி வருகிறது. வருத்தமாக இருக்கிறது, அவ்வளவு பெரிய பெயர் அது.

ரிக் வேதத்தில் 'தாச' என்பது பகைவரைச் சுட்டியது. பிறகு அடிமையைச் சுட்டியது. பெற்ற பிள்ளைக்கு எவரும் வைக்கக் கூசும் சொல். பக்தி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவண்ணர் வழியினர் 'நான் தாசன்' என்னும் பொருளில் 'தாசோகம்' என்றார்கள். துமகூரு சித்தகங்கா மடத்தில் இன்றும் அன்னமிடுவதற்குப் பெயர் அதுதான். புரந்தரதாசர், கனகதாசர் காலத்தில் தாசன் என்பது பட்டமாகிவிட்டது.

தமிழிலும் இப்படியே நடந்தது. அடிமை, ஆள், தொழும்பு, தொண்டு எல்லாமே ஒருவருக்குக் கட்டுப்பட்டு உழைப்பதைச் சொன்னவை. சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு முதியவர் ஆளோலையோடு நுழைகிறார்: உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது, நீ எனக்கு அடிமை. சுந்தரர் பிடுங்கிக் கிழித்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகிறது. பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அடிமைதான் என்று தீர்ப்பாகிறது. முதியவராக வந்தவர் சிவபெருமான். வழக்கில் தோற்றவர் வன்தொண்டர் ஆனார், திருத்தொண்டத்தொகை பாடினார். அதை விரித்த சேக்கிழார் தம் நூலுக்கு இட்ட பெயரும் திருத்தொண்டர் புராணமே. அடிமைப் பத்திரத்தை இவ்வளவு பெருமையோடு சொல்லும் கதை வேறெங்கே உண்டு! இராமானுசர் மரபோ, இறைவனுக்குக் கைங்கரியம் செய்வதே உயிர் அடையவேண்டிய உச்சப் பேறு என்கிறது. 'என்ன செய்யட்டும்?' என்று கேட்டு நிற்பவன் கிங்கரன். அவன் செய்வது கைங்கரியம்.

சரி, தாசப்பா எந்த வழியாக வந்தார்? மாசம் மாதமானதுபோல், தமிழில் தாசன் தாதனானான். சங்கும் சேமக்கலமுமாக வந்த வைணவ அடியாரைத் தாதர் என்றே அழைத்தோம். ஓசூர்ப் பக்கத்துப் பெயரிலோ சகரம் அப்படியே நிற்கிறது. முனியப்பா, திம்மப்பா போல வாலில் 'அப்பா' ஒட்டியிருக்கிறது. ஓசூரே 'ஹொச ஊரு', புது ஊர், என்ற கன்னடப் பெயர்தானே. ஆகவே இது தமிழ்த் தாதன் வழி வந்ததல்ல, கன்னட தாசர் மரபின் வழி வந்தது என்பதே என் முடிபு. ஏவலாளுக்குரிய சொல்லோடு தகப்பனுக்குரிய மரியாதையைச் சேர்த்த பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் இந்த எல்லைப்புறக் குடியானவர்கள்.