கூடைப்பந்து வரலாறும் அனிதா பால்துரையும்



விளையாட்டைப் பற்றிப் பேசும்போது நம்மவர் வாயில் முதலில் வருவது காற்பந்து; அடுத்து பூப்பந்து. கூடைப்பந்து என்றால், "அது சீனப்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், தமிழ்ப்பெண் ஒருவர் இந்த ஆட்டத்தில் 18 ஆண்டுகள் இந்திய நாட்டு அணிக்காக ஆடியிருக்கிறார். அவ்வணிக்குத் தலைமையும் ஏற்றிருக்கிறார். அவரைப் பற்றி நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அவருக்கு முன்னே, அந்த ஆட்டம் பிறந்த கதையை நாம் அறிய வேண்டும்.

ஓர் ஆசிரியர் கண்ட ஆட்டம்

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. கடுங்குளிரால் மாணவர்கள் வெளியில் ஆட இயலவில்லை. கூடத்திற்குள்ளேயே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை உருவாக்கும் பொறுப்பு, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் பொருத்தினார்; 13 விதிகளை எழுதினார். வகுப்பில் இருந்த 18 மாணவர்களும் அணிக்கு ஒன்பது பேராகப் பிரிந்து ஆடினர்.

அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, ஸ்மித் கல்லூரியில் மாணவியருக்கு இதனைக் கற்பித்தார். பெண்கள் ஓடியாடுவது தகாது என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே, திடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவர் மறுபகுதிக்குச் செல்லக்கூடாது என்று விதி செய்தார்.

'கார்டு' என்ற சொல்லுக்குக் காவலர் என்று பொருள். தொடக்கத்தில் கார்டாக ஆடுபவரின் வேலை, தம் அணியின் கூடைக்கு அருகில் நின்று எதிரணியைத் தடுப்பதே. காலப்போக்கில் அந்த இடத்தின் தன்மை மாறியது. இன்று பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுபவரும், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவரும், தொலைவிலிருந்து கூடைக்குள் எறிபவரும் கார்டுகளே. மிக உயரமாக இல்லாதவர்க்கும் கூடைப்பந்தில் இடமுண்டு என்பதற்கு இவர்களே சான்று.

சென்னைக்கு வந்த வழி

இந்த ஆட்டம் தமிழ்மண்ணில் வேரூன்றியதிலும் ஓர் ஆசிரியருக்குப் பங்குண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் சென்று பணியாற்றினர். நூறாண்டுகளைக் கடந்தும் அக்கல்லூரி நந்தனத்தில் இயங்கி வருகிறது.

அனிதாவின் பயணம்

1985இல் பிறந்த அனிதா பால்துரை, சென்னையில் வளர்ந்தவர். பள்ளி நாள்களில் ஓட்டத்திலும் கைப்பந்திலும் நாட்டம் கொண்டிருந்தார். அவரைக் கூடைப்பந்தின் பக்கம் திருப்பியவர் ஒரு பயிற்றுநர். பதின்ம வயதிலேயே இந்திய அணியில் இடம்பெற்றார். கார்டு இடத்தில் ஆடினார். தொலைவிலிருந்து குறிதவறாமல் எறிவதில் பெயர் பெற்றார். தென்னக இரயில்வே அவருக்கு வேலை கொடுத்தது. விளையாட்டையே நம்பி வாழமுடியுமா என்று அஞ்சும் பெற்றோர், அந்த வேலையைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளம் இருந்ததால்தான் ஆட்டம் நீடித்தது.

ஆசிய வாகையர் போட்டியில் ஒன்பது முறை பங்கேற்றார். தேசிய வாகையர் போட்டிகளில் 30 பதக்கங்கள் பெற்றார். 2013இல் டோஹாவில் நடந்த மூவர் அணி ஆசியப் போட்டியில் இந்திய மகளிர் தங்கம் வென்றனர். அவ்வணியிலும் அவர் இருந்தார். திருமணமாகித் தாயான பிறகு மீண்டும் திடலுக்கு வந்தார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கிண்ண இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில், அவர் தலைமையேற்ற அணி கஜகஸ்தானை 75-73 என வென்றது. 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்தது.

படிப்பு கெடுமா?

பெற்றோர் பலரின் கேள்வி இது. நம் நாட்டின் மணி ஜெகதீசனை நினைவுகூர்வோம். சிங்கப்பூரில் மருத்துவம் பயின்ற காலத்தில், 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கங்கள் வென்றவர் அவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை முறியடிக்கப்படவில்லை. அவர் மருத்துவராகவும் ஆனார்.

நம் மலையில்...

1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கேமரன் மலையின் சரிவுகளில் தேயிலை வளர்த்தவர்கள் நம் முன்னோர். இங்குச் சமதரையே அரிது. முழு அளவுக் காற்பந்துத் திடலுக்கு ஏறத்தாழ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும். கூடைப்பந்துத் திடலுக்கோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் போதும். ஒரு காற்பந்துத் திடலின் பரப்பில் ஏறக்குறைய 17 கூடைப்பந்துத் திடல்கள் அடங்கும். மூவர் ஆட்டத்திற்கு அதில் பாதியும் ஒரே வளையமும் போதுமானவை. சிமெண்டுத் தரையாதலால், மழை விட்ட சற்று நேரத்தில் நீரைத் துடைத்துவிட்டு ஆடலாம். குளிருக்காகவே பிறந்த ஆட்டம் நம் குளிர்மலைக்கு ஏன் பொருந்தாது?

எனினும், வளையம் மட்டும் போதாது. ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் தானா ராத்தா, ரிங்லெட் போன்ற ஊர்களின் இடைநிலைப்பள்ளிகளுக்குச் செல்கின்றனர். பயிற்சி மாலையில்தான் நடக்கும். தோட்டத்திற்குத் திரும்ப வாகனம் வேண்டும். பெண்பிள்ளைகள் பலரின் ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. அனிதாவைப் பதின்ம வயதில் யாராவது வீட்டிலேயே நிறுத்தியிருந்தால், மேலே சொன்ன பதக்கங்களில் ஒன்றும் இல்லை.

ஆசிரியர்களே, திறமையுள்ள மாணவரின் பெயரை ஆறாம் ஆண்டு இறுதியில் இடைநிலைப்பள்ளிப் பயிற்றுநருக்கு எழுத்து வடிவில் தெரிவியுங்கள். பெற்றோர்களே, நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாரம் இருமுறை முறைவைத்துப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். இவ்விரண்டுக்கும் பெரிய செலவில்லை.

நெய்ஸ்மித்துக்குக் கிடைத்தவை இரண்டு பழக்கூடைகள்தாம். நம்மிடம் அவற்றைவிடக் கூடுதலாகவே உள்ளன. செயலில் இறங்குவோம்.